என் கார்டியன் கோவில்பட்டியில இருக்கா

இல்லங்க, நான் யாரையும் கொண்டாந்து விட வரல. நான்தான் இங்க படிக்கேன். எம்.ஏ. ரெண்டாம் வருசம், சமூகவியல். ஆமா, ரெகுலர்தான். தபால்ல இல்ல. தினமும் வகுப்புக்குப் போயி, மொத பெஞ்சில உக்காந்து, பேர் கூப்பிட்டா 'எஸ் சார்'னு சொல்லிப் படிக்கேன். காலையில இருந்து இந்த விசிட்டர் ரூம்ல உக்காந்திருக்கேன், வாற அம்மாமாரு எல்லாம் 'உங்க பொண்ணு எந்த டிபார்ட்மெண்டு'ன்னுதான் கேக்காங்க. ஒருத்தங்க 'மகளா, மருமகளா'ன்னு கேட்டாங்க. நல்லாருக்கு கத.

இப்படி ஃபேனுக்கு அடியில வந்து உக்காருங்க. உங்க பொண்ணு ரூம் பாக்க உள்ள போயிருக்காளா? பேரு என்ன சொன்னிய, அனுசுயாவா? சங்கரன்கோயிலா நீங்க? சரி, ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க. கார்டியன் நம்பர்னு ஒண்ணு வாங்கியிருப்பாங்களே, யார் நம்பர் குடுத்தீய? அவ அப்பா நம்பரா. எல்லாரும் அப்படித்தான் குடுக்காங்க.

இங்க ரூல் தெரியும்லா? பிள்ளைக ஒரு சோப்பு வாங்க வெளிய போகணும்னாலும் வார்டன் மேடம் அந்த நம்பருக்குப் போன் போடுவாங்க. 'உங்க பொண்ணு இந்த இடத்துக்குப் போகணும்னு சொல்லுதா, விடலாமா?'ன்னு கேப்பாங்க. அந்தப் பக்கம் 'விடுங்க'ன்னு சொன்னாத்தான் கேட்டு தெறக்கும். போன் எடுக்கலேன்னா அவ்வளவுதான், சோப்பும் கெடையாது ஒண்ணும் கெடையாது. எம்.ஏ. படிக்காளுவ, ஓட்டுப் போடுதாளுவ, சில பிள்ளைக பிஎச்.டி. பண்ணுது. ஆனா கேட்டத் தாண்ட அப்பன் போன எடுக்கணும். பையங்க ஹாஸ்டல் அந்தா, ரோட்டுக்கு அந்தப் பக்கம். அங்க கேட்டு இருக்கான்னே எனக்குச் சந்தேகம்.

எனக்கும் அதே ரூல்தான். சிரிக்காதீங்க. சரி, சிரிச்சுக்கோங்க, எல்லாரும் சிரிக்கத்தான் செய்யுதாங்க. நாப்பத்தாறு வயசு எனக்கு. எனக்கும் ஒரு கார்டியன் இருக்கா. அந்தக் கார்டியன் இன்னைக்கு இங்க நேர்ல வந்து, இனிமே இவங்க ஒழுங்கா இருப்பாங்கன்னு மேடம் முன்னால கையெழுத்துப் போடணும். மேடம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போறதுக்குள்ள வரலேன்னா பெட்டியக் கட்டணும். அதுக்குத்தான் உக்காந்திருக்கேன். பெட்டிய நான் கட்ட மாட்டேன், அது வேற விசயம்.

எங்களுக்கு உடன்குடி. கருப்பட்டி மண்டி வச்சிருக்கோம். என் பேரு செல்லக்கனி. பி.ஏ. மொத வருசம் படிக்கும்போது என்னையக் கெட்டிக் குடுத்துட்டாங்க. எங்க அப்பா காலேஜுக்கே வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு. அப்ப ஒரு சரித்திர வகுப்பு நடந்துக்கிட்டு இருந்துச்சு, பாதியில எந்திரிச்சு வந்தேன். மீதிப் பாதி என்ன நடத்தினாங்கன்னு எனக்கு இன்னும் தெரியாது. அந்தக் கோவம் எனக்கு இன்னைக்கும் இருக்கு. பெறவு தபால்ல எழுதி பி.ஏ. முடிச்சேன். கருப்பட்டி மூட்டைக்கு நடுவுல உக்காந்து படிச்சேன். என் புஸ்தகத்த எறும்பும் படிச்சுச்சு.

மகளுக்குக் கல்யாணம் முடிஞ்ச மறு வருசம் அவுககிட்டச் சொன்னேன். எங்க வீட்டுக்காரருதான். 'என் கடமை முடிஞ்சிட்டு. நான் யுனிவர்சிட்டில சேந்து படிக்கப் போறேன்'னேன். அவுக கணக்குப் பாத்துக்கிட்டு இருந்தாவ. தல நிமிராம, 'ராத்திரிக்கு என்ன கொழம்பு?'ன்னு கேட்டாவ. நான் சும்மா சொல்லுதேன்னு நெனைச்சிட்டாவ. இடம் கெடைச்ச அன்னைக்குத்தான் நம்புனாவ. அதுக்கப்புறம் அவுக தம்பி வீட்டுலதான் சாப்பாடு. என்கூடப் பேச்சு கெடையாது. பேசாட்டிப் போகட்டும், எனக்கும் படிக்க நேரம் வேணும்லா?

இங்க வந்து சேந்த அன்னைக்கு வார்டன் மேடம் என்னையப் பாத்து எந்திரிச்சு நின்னுட்டாங்க. பாவம், சின்ன வயசு, கிரேஸ்லின்னு பேரு. என்னைய அக்கான்னுதான் கூப்பிடுவாங்க. 'கார்டியன் யாருக்கா?'ன்னு கேட்டாங்க. 'எனக்கு நான்தான் கார்டியன்'னேன். 'அப்படிப் போட முடியாதுக்கா, இங்க தங்குற எல்லாருக்கும் ஒரு ஆள் வேணும். சார் நம்பர் குடுங்க'ன்னாங்க. சாருக்கு அங்கேயே போன் போட்டேன். அன்னைக்கு மட்டும் பேசுனாவ. 'எனக்குப் போன் வந்துச்சுன்னா பூட்டி வைங்கன்னுதான் சொல்லுவேன், பாத்துக்கோ'ன்னு வச்சிட்டாவ. என் கூடப் பொறந்தவன் துபாய்ல கெடக்கான். வேற யாரு இருக்கா? மகதான். சிந்துஜா. 'சிந்து, ஒன் நம்பரக் குடுத்திருக்கேம்ட்டி'ன்னேன். அவ அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சிரிச்சா. 'நான் ஒனக்குக் கார்டியனா? நல்லா யோசிச்சுத்தான் குடுத்தியா?'ன்னு கேட்டா. இதுல யோசிக்க என்ன இருக்கு? பெத்த மக.

மொத மட்டம் பாளையங்கோட்டைக்கு ஒரு குடை வாங்கப் போகணும்னு கேட்டேன். மேடம் ஸ்பீக்கர்ல போட்டாங்க. பின்னால பிள்ளைக வரிசையா நிக்குதுவ. 'சிந்துஜாவா? உங்க அம்மா வெளிய போகணும்னு சொல்லுதாங்க, விடலாமா?' அவ்வளவு பேரும் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்காளுவ. எம் மக கொஞ்சம் யோசிச்சிட்டு, 'யார்கூடப் போறாங்க மேடம்?'னு கேட்டா பாருங்க, குறும்பு! அப்புறம் 'விடுங்க மேடம், ஆறு மணிக்குள்ள வந்துரச் சொல்லுங்க'ன்னா. நானும் சிரிச்சேன். அப்ப சிரிச்சேன்.

ஆனா சொல்லணும், ஒரு வருசமா அவ ஒரு மட்டமும் இல்லன்னு சொன்னது கெடையாது. அடுப்புல எது இருந்தாலும் ஓடி வந்து போன எடுப்பா.

ஹாஸ்டல் வாழ்க்கையா? நல்லாத்தான் இருக்கு. இட்லி மட்டும் சொல்லிக்கிற மாதிரி இருக்காது. பிள்ளைக எம்மேல உசுரு. நான் விடியுமுன்ன எந்திரிச்சு வெளக்கப் போட்டு எல்லாத்தையும் எழுப்பி விட்டுருவேன். வயசுப் பிள்ளைக ஏழு மணி வரைக்கும் தூங்கலாமா? துணி காயப்போட்டது, தலை சீவுனது, போன்ல யார்கிட்டப் பேசுதான்னு, எல்லாம் என் கண்ணுல இருக்கும். ரெண்டு பிள்ளைக மட்டும் வேற ரூமுக்கு மாத்திக்கிட்டுப் போயிட்டு. அங்க காத்து நல்லா வருதாம். ஜெனிஃபான்னு ஒருத்தி இருக்கா, கடற்கரைப் பக்கத்துப் பிள்ள, எதுக்கும் பயப்பட மாட்டா. அவதான் எனக்கு எல்லாம்.

இப்ப என் ஆராய்ச்சியச் சொல்லணும். எங்க சாரு, பேராசிரியர் அறவாழின்னு பேரு, ஒவ்வொருத்தரும் ஒரு ஆய்வு எடுக்கணும்னாரு. பிள்ளைக எல்லாம் செல்போனு, சமூக ஊடகம்னு எடுத்துச்சு. நான் எடுத்தது, கல்யாணத்தால படிப்ப விட்ட கல்லூரிப் பெண்கள். சாரு அசந்துட்டாரு. நான் ஊர் ஊராப் போனேன். நாங்குநேரி, ஆலங்குளம், சாத்தான்குளம்னு ஒரு ஊரு விடல. ஒவ்வொரு பொண்ணு வீட்டுலயும் அடுப்படியிலதான் பேட்டி. மாமியாக்காரி ஆளுயரத்துக்கு வாசல்ல நிக்கும். பொண்ணு வெங்காயத்த நறுக்கிக்கிட்டே பேசும். 'ரெண்டு பேப்பர்தான் பாக்கி இருந்துச்சு'ன்னு ஒருத்தி சொன்னா. சொல்லிட்டு, 'இது வெங்காயத்துக்குத்தான்'னு கண்ணத் தொடச்சுக்கிட்டா. இதெல்லாம் ஒரு நாடா, இதெல்லாம் பெத்தவங்களான்னு எனக்கு அப்படி ஒரு கோவம்.

சாரு ஒரு நாள் கேட்டாரு. 'உங்க மகளும் பி.எஸ்சி. ரெண்டாம் வருசத்துல நின்னுட்டதாச் சொன்னீங்களே, அவங்களப் பேட்டி எடுக்கலயா?'ன்னு. 'சார், மகளப் பேட்டி எடுத்தா அது ஆராய்ச்சி ஆகுமா? சொந்தக்காரங்க டேட்டா செல்லாது சார்'னேன். சாரு மூக்குக் கண்ணாடியக் கழத்தித் தொடச்சாரு.

எம் மக விசயம் வேறங்க. அது நிறுத்துனது இல்ல. பொருத்தமாத் தகைஞ்சு வந்த இடம். கோவில்பட்டியில கடலைமிட்டாய் கம்பெனி, ஒரே பையன், குடி கிடையாது. இப்படி இடம் நாம படிச்சு முடிக்கிற வரைக்கும் நிக்குமா? நீங்களே சொல்லுங்க.

போன மாசம் மதுரையில ஒரு காலேஜ்ல கருத்தரங்கு. சாரு என் கட்டுரைய அனுப்பி வச்சாரு, எடுத்துக்கிட்டாங்க. நான் மேடையில நின்னு வாசிக்கணும். எங்க டிபார்ட்மெண்டுலயே என் கட்டுரை ஒண்ணுதான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? கண்ணாடி முன்னால நின்னு வாசிச்சு வாசிச்சு ஜெனிஃபாவுக்கே மனப்பாடம் ஆகிட்டு. காலையில வெள்ளன பஸ்ஸ எடுத்தாத்தான் மதுரைக்குப் பத்து மணிக்குப் போக முடியும். மொத நாளே மேடத்துக்கிட்டப் போயி நின்னேன். போன் போட்டாங்க. ஸ்பீக்கர்லதான். 'சிந்துஜா, அம்மா நாளைக்கு மதுரைக்குப் போகணுமாம், விடலாமா?'

'வேண்டாம் மேடம். விடாதீங்க'ன்னா.

அவ வெளையாடுதான்னுதான் நெனச்சேன். மேடமும் நெனச்சாங்க. 'கருத்தரங்குமா, கட்டுரை வாசிக்கப் போறாங்க'ன்னு எடுத்துச் சொன்னாங்க. 'தெரியும் மேடம், அதான் விடாதீங்கன்னு சொல்லுதேன்'னு வச்சிட்டா. மேடம் என்னையப் பாக்காங்க, நான் மேடத்தப் பாக்கேன். பின்னால வரிசையில நின்ன ஒருத்தியும் சிரிக்கல. 'நம்பர மாத்திக்கிடுதேன்'னேன். 'புதுக் கார்டியன் நேர்ல வரணும்க்கா. நாளைக்குள்ள யாரு வருவா? உங்களுக்கு மட்டும் விட்டேன்னா நாளைக்கு எல்லாப் பிள்ளைகளும் கேக்கும்க்கா'ன்னாங்க. நல்ல பொண்ணுதான். ரூல்னா மட்டும் அதுக்குப் பேய் புடிச்ச மாதிரி ஆயிரும்.

நான் மகளுக்குப் போன் போட்டு வச்சு வாங்குனேன். 'ஏட்டி, ஒனக்கு என்ன வந்துச்சு? பெத்த தாயி மேடையேறப் போறா, ஒனக்குப் பொறுக்கலியா?'ன்னு. அவ ஒண்ணும் கத்தல. 'என்னையக் கோயம்புத்தூர் போக விடலைல்லா நீ'ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

அது என்னன்னு கேளுங்க, நான் ஒண்ணையும் மறைக்கல. அவ காலேஜ்ல ஹாக்கி ஆடுவா. நல்லா ஆடுவா, இல்லன்னு சொல்ல மாட்டேன். யுனிவர்சிட்டி டீம்ல எடுத்துட்டாங்க, கோயம்புத்தூர்ல போட்டி. அந்த வாரம்தான் கோவில்பட்டிக்காரங்க பொண்ணு பாக்க வாறோம்னு சொல்லியிருக்காங்க. பத்து நாளு வெயில்ல ஓடிட்டு வந்து கரிக்கட்டையா நின்னா வாறவங்க என்ன நெனைப்பாங்க? கால்ல ஒரு அடி பட்டுச்சுன்னா? அவ ஹாஸ்டல்ல இருந்து எனக்குப் போன் வந்துச்சு. 'வேண்டாம் மேடம், விடாதீங்க'ன்னேன். எந்தத் தாயா இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவா. கல்யாணமும் தகைஞ்சிட்டு. இன்னொண்ணும் சொல்லுதேன், கேட்டுக்கோங்க. அவளுக்கு ஹாக்கின்னா உசுருன்னு தெரிஞ்சுதான் அந்த வீட்டையே ஒத்துக்கிட்டேன். ஹாக்கி கிரவுண்டுக்கு நேர் எதுத்த வீடு. மாடியில துணி காயப்போடப் போனா பிள்ளைக ஆடுறது அப்படியே தெரியும். எந்தத் தாயி இவ்வளவு பாத்துச் செய்வா?

அதையும் இதையும் அவ சேத்து முடிச்சுப் போடுதா. அது வெளையாட்டு, இது படிப்பு. ரெண்டும் ஒண்ணா?

சரி, நான் என்ன செஞ்சேன்னு கேக்கியளா? செவரு ஏறிக் குதிச்சேன்.

ஆமா. இந்த ஹாஸ்டல் செவருதான். மெஸ்ஸுக்குப் பின்னால தண்ணித் தொட்டி இருக்கு, அதுல ஏறினா செவரு இடுப்பளவுதான். நல்லா விடிஞ்சிட்டு, காக்காயெல்லாம் பாத்துக்கிட்டு இருக்கு. சேலையோட ஏற முடியாதுன்னு ஜெனிஃபா அவ சுடிதாரப் போட்டுவிட்டா. கையில ஒரு பையில சேலை. வாழ்க்கையில மொதமொதல்ல சுடிதார் போட்டது அன்னைக்குத்தான், அதையும் செவத்து மேலதான் போட்டுக் காட்டினேன். ஒரு காலு இந்தப் பக்கம், ஒரு காலு அந்தப் பக்கம் உக்காந்துட்டேன். எறங்கப் பயம். ஜெனிஃபா கீழ இருந்து, 'அக்கா, ரெண்டு பேப்பர் பாக்கின்னு அழுதாளே, அவள நெனச்சுக்கிட்டுக் குதிங்க'ன்னா. குதிச்சேன். முட்டி பேந்துட்டு. இந்தா பாருங்க தழும்பு. பஸ் ஸ்டாண்டுல கட்டணக் கழிப்பிடத்துல சேல மாத்திக்கிட்டு, மதுரைக்குப் போயிச் சேந்தேன்.

வாசிச்சேங்க. ஒரு எடத்துல கூடத் தடுமாறல. கடைசியில ஒரு சின்ன வயசு வாத்தியாரு எந்திரிச்சு, 'இந்தப் பெண்களோட அம்மாக்களை நீங்க சந்திச்சீங்களா? அவங்க ஏன் சம்மதிக்கிறாங்க?'ன்னு கேட்டாரு. நான் சொன்னேன், 'அவங்க அறியாமையில செய்யுதாங்க சார். படிப்போட அருமை தெரிஞ்ச ஒரு தாயி அப்படிச் செய்ய மாட்டா'ன்னேன். என்னா கைத்தட்டு! பொன்னாடை போத்தி, சான்றிதழ் குடுத்து, போட்டோ எடுத்தாங்க.

அந்தப் போட்டோதான் வெனையாப் போச்சு. அறவாழி சாரு சந்தோசத்துல டிபார்ட்மெண்டு குரூப்ல போட்டுட்டாரு. 'நம் மாணவி மதுரையில்'னு. வார்டன் மேடமும் அந்தக் குரூப்ல இருக்காங்க. கேட்டு நோட்டுல பாத்தா, நான் வெளிய போனதுக்கு அடையாளமே இல்ல. ஆனா மதுரையில சிரிச்சுக்கிட்டு நிக்கேன்.

மேடம் என்னையக் கூப்பிட்டு அழாத குறையாக் கேட்டாங்க, 'ஏன்க்கா இப்படிச் செஞ்சீங்க?'ன்னு. நான் மன்னிப்புக் கேக்கல. 'நாப்பத்தாறு வயசுப் பொம்பளைய செவரு ஏற வச்சது யாரு மேடம்? மன்னிப்ப அந்த ரூலக் கேக்கச் சொல்லுங்க'ன்னேன். வெளிய நின்ன பிள்ளைக கை தட்டிட்டுதுவ. அதுல விசயம் பெருசாகிட்டு. மேல எடத்துல கூப்பிட்டு விசாரிச்சாங்க. கார்டியன் நேர்ல வந்து உத்தரவாதம் குடுக்கணும், இல்லன்னா ஹாஸ்டல விட்டுக் காலி பண்ணணும்னு முடிவு. ஹாஸ்டல் இல்லன்னா எனக்குப் படிப்பு இல்லங்க. உடன்குடியில இருந்து தினமும் வந்து போக முடியாது. வீட்டுக்குப் போனேன்னா மறுபடி படியெறங்க விட மாட்டாவ. அவுக தம்பிகிட்டச் சொல்லியிருக்காவ, 'அவளே வருவா பாரு'ன்னு. வருவேனா நான்?

அதான் இந்த உக்காரல். மகளுக்கு நேத்தே சொல்லிட்டேன். கோவம் எல்லாம் அப்புறம் வச்சுக்கோ, காலையில பஸ் ஏறி வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போன்னு. சரின்னுதான் சொன்னா. மணி என்னாச்சு? அட, இவ்வளவு ஆகிட்டா?

இருங்க, போன் அடிக்கி. அவதான்.

சொல்லுட்டி. எங்க இருக்க? ... வீட்டுலயா? இன்னும் கெளம்பலியா? ... யாரு விடல? ... மாப்பிள்ளை எங்க? ... லோடு ஏத்திக்கிட்டுப் போயிருக்காரா? சரி, உங்க அத்தைகிட்டக் குடு போன.

பாத்தியளா, அவ மாமியா விடலியாம். ஆம்பள வீட்டுல இல்லாதப்ப மருமக தனியா ஊருக்குப் போறதான்னு கேக்காளாம். இருங்க, வாரா.

மயினி, நல்லாருக்கியளா? நான் செல்லக்கனி. ... இல்ல மயினி, ஒரு மணி நேரப் பயணம், பட்டப் பகல், அவ என்ன பச்சப்பிள்ளையா? ... இல்ல, நான் கேக்கேன், கல்யாணம் ஆகி வந்த பொண்ணுன்னா கைதியா? வீட்டுல ஒரு ஆம்பள இருந்து விடுன்னாத்தான் வெளிய வரணுமா? நாங்க இதப் பத்தி மதுரையில பேசி... என்னது? ... நான் எப்பச் சொன்னேன்?

... சரி. சரி, வையுங்க.

கேட்டியளா அந்தப் பொம்பள என்ன சொல்லுதான்னு? கல்யாணத்துக்கு மறுநாள் நான்தான் அவ கையப் புடிச்சுச் சொன்னேனாம். 'மயினி, புள்ளய ரொம்ப வெளிய விடாதீங்க, விட்டியன்னா மறுபடி வெளையாட்டு, படிப்புன்னு நிப்பா, கொஞ்ச நாளைக்கு இறுக்கிப் புடிங்க'ன்னு. 'நீங்க சொன்னபடிதான் மயினி நாங்க வச்சிருக்கோம்'ங்கா. என்ன நெஞ்சழுத்தம் பாருங்க. சொன்னேன். சொல்லியிருப்பேன். அது எந்தக் காலத்துப் பேச்சு! நான் அப்ப படிக்கவே வரல. அதுவும் 'கொஞ்ச நாளைக்கு'ன்னுதானே சொன்னேன்? கொஞ்ச நாளுன்னா எவ்வளவுன்னு ஒரு மனுசிக்குத் தெரியாதா?

நீங்க ஏன் தள்ளி உக்காருதிய? உங்க பொண்ணு வந்துட்டாளா? வாம்மா அனுசுயா. ரூம் புடிச்சிருக்கா? இரு, ஒரு போன் பேசிக்கிடுதேன்.

சிந்து. நாந்தான். உங்க அத்தை பக்கத்துல இருக்காளா? இல்லைல்லா? நல்லாக் கேட்டுக்கோ. யார்கிட்டயும் கேக்காத. கேட்டாத்தானே இல்லன்னு சொல்லுவாங்க? செருப்ப மாட்டு, பைய எடு, கேட்டத் தெறந்து நடந்து வா. கேட்டு பூட்டியிருந்தா உங்க வீட்டுச் செவரு ஒண்ணும் எங்க செவரு அளவுக்கு இல்ல. ... என்ன? ... இப்பமே. வைக்கேன்.

சொல்லிட்டேன். ஏங்க அப்படிப் பாக்கிய? தப்பா? ஒரு கையெழுத்துக்காகப் பெத்த மகள வீட்ட விட்டு ஓடிவரச் சொல்லுதாளேன்னு பாக்கியளா? ஓடி ஒண்ணும் வரல. பஸ்ஸுலதான் வாரா. சாயங்காலத்துக்குள்ள திரும்பிப் போயிருவா. அந்தப் பொம்பள ரெண்டு நாளு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கும், அப்புறம் சரியாகிரும். நாங்க எல்லாம் இதப் பாத்துத்தானே வளந்தோம்?

மேடம் ரூம்ல இன்னும் ஆள் இருக்கு. அந்தா, கதவுக்குக் கீழ நெழலு தெரியுது. இருக்காங்க.

தண்ணி குடுங்க கொஞ்சம். ... நல்லாருப்பீய.

மறுபடி அடிக்கி பாருங்க. அவதான். சொல்லுட்டி. ... பஸ்ஸு சத்தமா கேக்கு? ஏறிட்டியா? அப்படிப் போடு! எம் மகள்லா! ... யாரு பாத்தா? ... உங்க அத்தையா? வாசல்ல நின்னு என்ன சொன்னா? ... 'போறதுன்னா அப்படியே போ'ன்னாளா? ... சரி, விடு, அவ கெடக்கா. ... அழாத. பஸ்ஸுல எல்லாரும் பாப்பாங்க. ... என்ன கேட்ட? சரியா கேக்கல, சத்தமாச் சொல்லு.

...

இருங்க. ஒரு நிமிசம் இருங்க.

என்ன கேக்கா தெரியுமா? 'நான் வந்து ஒனக்குக் கையெழுத்துப் போட்டுருதேன். போட்டுட்டு நான் எங்கம்மா போறது?'ன்னு கேக்கா.

மதுரையில அத்தன பேரு கேள்வி கேட்டாங்க, டக்கு டக்குன்னு சொன்னேன்.

சிந்து. லைன்லதான் இருக்கியா? வா. மொதல்ல நீ வா. எங்க போறதுன்னு நான் பாத்துக்கிடுதேன். ... ஆமா, நான்தான் சொல்லுதேன். ஒங்க அம்மைதான் சொல்லுதேன். சன்னல் ஓரமா உக்காரு, காத்து வரும்.

நான் எந்திரிக்கேங்க. மேடம் சாப்பிடப் போறதுக்குள்ள உள்ள போயிச் சொல்லணும், என் கார்டியன் பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்கான்னு. அந்தக் கார்டியன் இன்னைக்கு ராத்திரி என்கூடத்தான் தங்குவான்னும் சொல்லணும். ரூல்ல இடம் கெடையாதும்பாங்க. தெரியும். அப்படின்னா என் உத்தரவாதமும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம், எழுதி வச்ச ரூல அவங்களே வச்சுக்கிடட்டும். நாங்க ரெண்டு பேருமா இந்தக் கேட்டு வழியாவே போறோம். எங்கன்னு என்கிட்டக் கேக்காதீங்க, எனக்கும் தெரியாது. ஆனா எம் மகள விடலாமான்னு இனிமே எவளும் எவனும் எனக்குப் போன் போட வேண்டாம்.